கதவை மூடக் கூடாத மெஷின்

என்னங்க, நீங்களும் மகளும் சௌக்கியம்தானே? அத்தையின் முட்டிவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

விடுதி அறையில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாங்கினோமே, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த வாஷிங் மெஷின், அது பூஞ்சை நாற்றம் எடுக்க ஆரம்பித்தது. துவைத்த துணி துவைக்காததைவிட மோசம். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார். நான் விடுவேனா? கதவோர ரப்பர் மடிப்பை விரித்தால், உள்ளே அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பு. வினிகர் தொட்டுத் தேய்த்து, துணி போடாமல் வெந்நீரில் ஒருமுறை ஓடவிட்டேன். நாற்றம் போன இடம் தெரியவில்லை. இப்போதெல்லாம் துவைத்தபின் உள்ளே ஈரம் காயும் முன்பே கதவை மூடுகிறவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

மெஷின் சரியானதும் பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒரே உற்சாகம். என் தலையணைக்கடியில் இருந்த உங்கள் நீலச் சட்டையையும் துவைத்துவிட்டாள். "ரொம்ப அழுக்கா இருந்துச்சுக்கா" என்கிறாள். பாவம், அவளை என்ன சொல்வது?

அடுத்த பார்சலில் தைலம், மகளின் பள்ளிக்கூடப் படம், உங்கள் சட்டை ஒன்று வையுங்கள். தையல் ஆலை வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். சட்டை நீங்கள் இரண்டு நாள் போட்டதாக இருக்கட்டும். துவைத்துத் தேய்த்து அனுப்பினீர்களோ, அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.