கையேந்திக் குடித்த கிணறு

ஆசை அண்ணைக்கு,

நீ போய் இன்னும் வருசம் திரும்பவில்லை, அதற்குள் உன் பள்ளிக்கூடம் கல்லில் பொய் எழுதிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சேமக்காலையில் உன் கல்லறைக்கு முன்னால் நின்று சொன்னால் சனம் எனக்கு விசர் என்று சொல்லும். எல்லாரும் வாசிக்கட்டும் என்றே பேப்பரில் போடுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா நடந்தது. கிணற்றுக்குப் புதுக் கட்டு, பளபளவென்று மாபிள் கல். கல்லில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘சாதி பேதமின்றி நம் பிள்ளைகள் ஒன்றாய்த் தாகம் தீர்த்த கிணறு.’ 

ஒன்றாயா? யார் வீட்டுப் பிள்ளைகள் அண்ணை?

விழா மலரில் வரலாறும் போட்டிருக்கிறார்கள். ஓலைக் கொட்டிலில் தொடங்கியது, கத்தோலிக்கச் சுவாமிமார் கல்வீடு கட்டியது, அரசாங்கம் எடுத்தது, ஷெல் விழுந்து கூரை போனது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தது, எல்லாம் சரிதான். அந்தக் கிணறு வெட்டக் கல்லுடைத்தவர்களில் எங்கடை அப்புவும் ஒருவர் என்பது மட்டும் அதில் இல்லை. கள்ளுச் சீவுகிற அந்த அப்புவின் பிள்ளைகள் அதன் கயிற்றைத் தொடக்கூடாது என்றிருந்ததும் இல்லை. நாங்கள் கட்டுக்கு வெளியே குந்தி இரண்டு கையையும் ஏந்த வேண்டும். வகுப்பு மொனிட்டர் வந்து, அவனுக்கு மனம் வந்தால், மேலேயிருந்து ஊற்றுவான். கோயிலில் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்ற கதையை நான் இப்போது எடுக்கவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

அன்றைக்கு மொனிட்டர் மரியநாயகம். எனக்குக் காய்ச்சல் விட்டு முதல் நாள், நாக்கு வறண்டு அழுதுகொண்டிருந்தேன். நீ அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாய். “பொறடா, வாறன்” என்றுவிட்டுப் பந்தடித்துக்கொண்டு நின்றான். நீ நேரே போய் வாளியை இறக்கினாய். அள்ளி வந்து என் கையில் ஊற்றி, “குடியடி” என்றாய். நான் குடித்து முடிக்க முன்னமே அவன் சுவாமியாரிடம் ஓடிவிட்டான்.

உன்னை வெயிலில் முழங்காலில் விட்டார்கள். கிணற்றை அடி தெரிய இறைத்தார்கள். இறைத்து முடிய, சுவாமியார் வந்து அதற்குத் தீர்த்தம் தெளித்தார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் உன் பாவத்தைக் கழுவிய அதே தீர்த்தம், நீ தொட்ட வாளியின் தீட்டைக் கழுவவும் எப்படி வந்தது? இதை ஒரு சுவாமியாரிடமாவது கேட்க நீ என்னை விட்டாயா?

பள்ளிக்கூடப் பதிவிலிருந்து உன் பேரை வெட்டினார்கள். கணக்கில் வகுப்புக்கே முதலாவதாக நின்ற நீ, புத்தூரில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனாய். அங்கே கயிறும் வாளியும் நாள் முழுக்க உன் கையில்தான். வெங்காயத்துக்குத் தீட்டுப் பார்க்கத் தெரியாது. உன் கூலியில்தான் நான் படித்து ரீச்சர் ஆனேன்.

உன்னிலும் எனக்குக் கோபம்தான். பெருநாளுக்குப் பெருநாள் அதே பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனாயே, வெட்கமாயில்லையா உனக்கு? கேட்டால், “நான் எப்பவோ மன்னிச்சிட்டனடி, விடன்” என்பாய். யாரைக் கேட்டு மன்னித்தாய்? தாகம் என்னுடையது. மன்னிப்பில் பாதி என்னிடம் அல்லவா இருந்தது?

விழாக் குழுத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? அதே மரியநாயகம்! தலை நரைத்து, கைத்தடியோடு வீடு தேடி வந்தார். “ரீச்சர், முதல் வாளி நீங்கள்தான் அள்ள வேணும். உங்கடை பகுதியிலையிருந்தும் ஒராள் நிண்டால் வடிவாயிருக்கும்” என்றார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, “ஓம், வாறன்” என்றேன்.

போனேன். பாண்ட் வாத்தியம், சுவாமிமார், கமராக்காரர், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். வாளியை என் கையில் தந்தார்கள். வாங்கி மரியநாயகத்திடம் நீட்டினேன். பிறகு கட்டுக்கு வெளியே போய், சீலையை ஒதுக்கிக் குந்தினேன். முழங்கால் உயிர் போகிற மாதிரி நொந்தது. இரண்டு கையையும் ஏந்தினேன்.

“ஊத்துங்கோ மொனிட்டர்.”

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, சிலர் சிரித்தார்கள். வயது போனவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, “திரேசா, உதெல்லாம் பழங்கதை. சனம் பாக்குது, எழும்பும்” என்றார்.

“பழங்கதையெண்டால் உந்தக் கல்லிலை ஏன் புதுசாய் எழுதினியள்?”

“சவிரி என்னை மன்னிச்சவன்.”

“அண்ணை மன்னிச்சவர். நான் இன்னும் இல்லை. ஊத்துங்கோ.”

வேறு வழியில்லாமல் அள்ளி ஊற்றினார். பாதி அவருடைய சப்பாத்தில் போனது. நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. முழுவதையும் விரலுக்குள்ளால் ஒழுக விட்டுவிட்டு, எழும்பி வீட்டுக்கு வந்தேன்.

ரீச்சருக்கு வயது போய் அறளை பேந்திட்டுதாம், புத்தி தடுமாறுதாம், ஊருக்குள் கதை. பேரட்டும். கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அண்ணை, கேட்டுக்கொள். அந்த வரியை அவர்கள் வெட்டி எடுக்கும் வரை, ஞாயிறு தோறும் பூசை முடிய நான் அங்கே போய்க் குந்துவேன். வெறும் கையை ஏந்திக்கொண்டு இருப்பேன். பிள்ளைகள் வந்து, “ஏன் ரீச்சர் இப்பிடி இருக்கிறியள்?” என்று கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் உன் பேரைச் சொல்லி, நடந்ததைச் சொல்வேன். வரி போகிற அன்றைக்கு நானே கயிற்றைப் பிடித்து ஒரு வாளி அள்ளி உன் கல்லறைக்குக் கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் நீ அங்கேயிருந்து, எனக்கும் சேர்த்து ஆரையும் மன்னித்துத் தொலைக்காதே.

இன்னும் தாகம் தீராத,
உன்ரை தங்கச்சி
திரேசா