வலைக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் 3, புதன்

கதவுக் கைப்பிடிகள், குழாய், சுவிட்சுகள், ரிமோட். எல்லாவற்றையும் துடைத்து, துடைத்த துணியைக் கொதிநீரில் போட்டு, கடைசியில் என் கையைக் கழுவினேன். இரண்டு வருடமாக என் காலைப் பொழுது இதுதான்.

"தேய்ச்சுத் தேய்ச்சு ரிமோட்டே இளைச்சுப் போச்சும்மா," என்றாள் மகள் சோபாவிலிருந்து. பன்னிரண்டு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது.

பெரிய நர்ஸ் போன் செய்தார். பதினான்காம் தேதி ஞாயிறு, மீன்பிடிச் சங்கத்தார் புற்றுநோய் வார்டுப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போகிறார்களாம். வருடா வருடம் செய்வதுதான். போன முறை இவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. நாள் முழுக்கத் தூண்டில் போடலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் மீன் நிச்சயம் என்றார்.

"அது எப்படிம்மா நிச்சயம்? மீனுங்ககிட்ட கேட்டுட்டாங்களா?"

எனக்கு மீன் ஞாபகமே வரவில்லை, ஏரித் தண்ணீர்தான் வந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு எந்தத் தண்ணீரையும் சும்மா பார்க்கத் தெரியாது. நீண்ட விடுப்பில் இருக்கிறேன். கண்ணுக்கு விடுப்பு கிடையாது.

சாயங்காலம் சதுரங்கம். வழக்கம்போல ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து, வழக்கம்போலத் தோற்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

திரும்பி வந்திருக்கிறது.

டாக்டர் அப்படித்தான் சொன்னார், வெளியூர் போயிருந்த உறவுக்காரர் மாதிரி. பதினேழாம் தேதி அவளைச் சேர்க்க வேண்டும். புது மருந்து, இன்னும் வலுவானது. பல வாரம் ஆகும். இப்போதைக்கு ரத்தம் பரவாயில்லை, ஏரிக்குத் தாராளமாகப் போகட்டும் என்றார். அதற்குப் பிறகு எப்போது வெளியே போவாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்," என்றார் கணவர் லிஃப்டில். தலையாட்டினேன். கீழே நர்ஸுடன் உட்கார்ந்திருந்தவள் எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஏரிக்குப் போலாம்னாங்க."

நான் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று வீடு வரும்வரை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சாப்பிட்டபின் பலகையைக் கொண்டுவந்தாள். கை தானாகப் போய் ராணியை அவள் சிப்பாய் வெட்டும் இடத்தில் வைத்தது. அவள் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கணவரை ஏரிக்கு அனுப்பி ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவரச் செய்தேன். நாளை பரிசோதனைக்காக ஆபீஸ் தோழிக்குப் போகும். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 10, புதன்

மருத்துவமனை கான்டீனில் பெற்றோருக்கு ஒரு சின்னக் கூட்டம். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உள்ளே வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. ஏரியின் ஒரு மூலையைத் தண்ணீருக்கடியில் வலை போட்டு அடைத்திருக்கிறார்களாம். பண்ணையிலிருந்து மீன் வாங்கி உள்ளே விட்டு, இரண்டு நாள் பட்டினி போடுவார்களாம். அப்போதுதான் எதைக் காட்டினாலும் கவ்வும்.

"பிள்ளைங்ககிட்ட மட்டும் வாய விட்டுடாதீங்க," என்றார். முதல் வருடம் வலை போடவில்லையாம். ஒரு சிறுமி நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு போனாள். "அடுத்த வருஷம் அந்தப் பொண்ணு வரல. வர முடியல." அதற்கு மேல் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

எல்லா அம்மாக்களும் தலையாட்டினோம். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஏன் கோபம் வருகிறது?

அவர் வலையைத் தண்ணீருக்குள் போட்டிருக்கிறார். நான் வீட்டுக்குள் போட்டிருக்கிறேன். நானும் உள்ளேதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

தோழி போன் செய்தாள். "அக்கா, நம்ம ஆபீஸ் மாடித் தொட்டிக்கு இது எவ்வளவோ தேவலை."

செப்டம்பர் 13, சனி

மகள் நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறாள். நீலச் சட்டை, முகக்கவசம், நான் கட்டாயப்படுத்திய கையுறை. அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று. ஜன்னல் கையகலம். அதற்கும் கொசுவலை.

கணவர் மெல்லத் தட்டினார். கதவைத் திறந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"என்னால முடியல. அவ என்னைப் பாக்கும்போதெல்லாம் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. மூச்சு முட்டுது."

"ஒரே ஒரு நாள். அத அவளுக்கு முழுசா விட்டுவைப்போம்."

அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தானே மாட்டிக்கொண்டேன். யாராவது அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வரிசையாக நாற்காலிகள், குட்டித் தூண்டில்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சங்கத்துக்காரர். போட்ட நிமிடத்தில் மீன். கைதட்டல். மகளுக்கும் வந்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. தொப்பிக்காரர் விசிலடித்தார். இவள் சிரித்தாள். போட்டோ எடுத்தோம்.

இரண்டாவது மீனும் அதே வேகத்தில் வந்தது. மூன்றாவதும் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீரில் வளைவாக மிதந்த தக்கைகளைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். எல்லைக்கோடு என்றார் தொப்பிக்காரர். ஓரத்தில் கிடந்த கம்பை எடுத்து, தக்கைக்குக் கீழே விட்டுத் தூக்கினாள். வலை மேலே வந்தது.

அவள் வாளியில் கிடந்த மூன்று மீன்களையும் தக்கைகளுக்கு அந்தப் பக்கம் கொட்டினாள். தூண்டிலை எடுத்துக்கொண்டு தூரத்துப் படகுத்துறைக்கு நடந்தாள்.

தொப்பிக்காரர் என்னிடம் ஓடிவந்தார். "அங்க ஒண்ணும் சிக்காதும்மா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." வியர்த்திருந்தது. கணவர் எழுந்தார். நான் வேண்டாமென்று கைகாட்டிவிட்டுத் தனியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் தூண்டிலைப் போட்டாள். மிதவை அசையவே இல்லை.

"எல்லாரும் என்கிட்ட தோத்துக்கிட்டே இருக்கீங்க," என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி. பிறகு, "டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

கரையில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பிள்ளைக்கு. இன்றைய நாளை முழுசாக விட்டுவைக்கச் சொன்ன கணவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். திரும்பி வந்திருப்பது, புதன்கிழமை சேர்க்கப்போவது, மருந்து போன தடவையைவிடக் கடுமையாக இருக்கும் என்பது, எல்லாம்.

"தெரியும்," என்றாள். "எப்பவும் குதிரையத்தான் விடுவ. அன்னிக்கு ராணியவே விட்ட."

தூண்டிலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

"முடி மறுபடி போயிடுமா?"

"போயிடும்."

"சரியாயிடுமா?"

"தெரியலடா. டாக்டருக்கும் தெரியல. ஆனா மருந்து இருக்குன்னு சொல்றாரு."

கையுறையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். அப்படியே தூண்டிலையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் தொப்பிக்காரர் தயங்கித் தயங்கி வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். "உண்மையச் சொன்னா, எனக்கே பாதி நாள் ஒண்ணும் சிக்காது," என்றார்.

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"வீட்ல இருந்தா வேலை சொல்றாங்களே."

இவள் சிரித்த சிரிப்பு அந்தக் கரைவரை கேட்டிருக்கும்.

கடைசிவரை ஒரு மீனும் வரவில்லை. திரும்பும்போது காரில் தூங்கிவிட்டாள். விரல்களில் ஏரி வாசனை. நான் துடைக்கவில்லை.

"சொல்லிட்டேன்," என்றேன்.

கணவர் அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினார். "அழுதாளா?"

"அழுதா. அப்புறமும் தூண்டில் போட்டுக்கிட்டேதான் இருந்தா."

செப்டம்பர் 17, புதன்

சேர்த்தாயிற்று. இந்த அறையின் ஜன்னல் திறக்காது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மூன்று நாள் வாந்தி. இன்று நின்றது. நானும் அவள் கட்டிலருகே நாற்காலியை விட்டு எழுந்தேன்.

பெரிய நர்ஸ் ஒரு கேள்வி கொண்டுவந்தார். அடுத்த வருடம் வலையை எடுத்துவிடவா என்று தொப்பிக்காரர் கேட்கிறாராம். மகள் தலையணையில் சாய்ந்தபடியே யோசித்தாள். "குட்டிப் பசங்களுக்கு இருக்கட்டும். எனக்குப் படகுத்துறைல இடம் போட்டு வைக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் பலகையைக் கேட்டாள். ஒவ்வொரு காயாகத் துடைத்து வைத்தேன். அவள் ஒரு யானையைக் கவனிக்காமல் விட்டாள். எடுத்தேன். பிறகு ராணியை எடுத்தேன். ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போனபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒரு நோயாளிகிட்ட இப்படியா ஆடுவாங்க?"

"தோத்தவங்கதான் காய அடுக்கணும்," என்றேன்.

ஊசி ஏறாத கையால் அடுக்க ஆரம்பித்தாள்.