சாம்பலாகிப்போன கறுப்பு

ஹட்டன், 12.08.2004

அன்புள்ள லோஜனாவுக்கு,

உனது முழங்கால் வலியும் சின்னவனின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குச் சுகக்குறைவு ஒன்றுமில்லை.

ஸ்டூடியோவில் ஒரு சின்னப் பிரச்சினை. கல்யாண வீடியோ கசெட்டுகளைக் கணினியில் ஏற்றி டிவிடி ஆக்கினால் கறுப்பெல்லாம் சாம்பலாக வந்தது. முதலாளி பைஸர் நானா, "இந்த ஊர்ல பனிதானே தம்பி" என்று வந்தவர்களை இரண்டு கிழமை சமாளித்தார். அவர்களும் நம்பினார்கள். கொத்மலைத் தோட்டத்து மாப்பிள்ளை ஒருவர்தான், "மண்டபத்துக்குள்ளயுமாங்க பனி? என் கோட்டு கருப்புங்க" என்று டிவிடியைத் திருப்பித் தந்தார்.

சோதிக்க எனக்கு நன்றாகத் தெரிந்த கறுப்பு ஒன்று வேண்டியிருந்தது. நீ அனுப்பிய சின்னவனின் பிறந்தநாள் கசெட்டைப் போட்டேன். உன் தலை முழுக்கச் சாம்பல்! கசெட்டை ஏற்றும்போது ஒருமுறை உயர்ந்த கறுப்பின் வெளிச்ச அளவை, டிவிடி ஆக்கும் மென்பொருள் மறுபடியும் உயர்த்தியிருந்தது. ஒன்றை நிறுத்தினேன். சின்னவனின் சப்பாத்து, கதவு நிழல், உன் கூந்தல் எல்லாம் கறுத்தன. மாப்பிள்ளையும் தன் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அனுப்பு. அடுத்த கசெட்டை முற்றத்து வெயிலில் எடு. யாழ்ப்பாண வெயிலைப் பார்த்து நாளாகிறது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. உன் நெற்றியோரத்து முடியில் ஒரு கீற்று மட்டும் வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தும் கறுக்கவில்லை. அது மெஷினின் பிழையல்ல. நான் புறப்பட்டபோது அது இருக்கவில்லை.

சஞ்சயன்