மண்டபத்தில் ஒரு "பலே"

தாகேதா, யாங்கோன்

அன்பு அக்கா,

நேற்று பல்கலைக்கழக மண்டபத்தில் நீ தனியாகச் செல்லோ வாசித்தபோது யாரோ உரக்க "பலே" என்றது மேடைவரை கேட்டிருக்கும். அது நம் அப்பா.

நீ பர்மியரான கோ தூராவை மணந்ததிலிருந்து உன் பெயரையே எடுக்காத அவரை, கடைசி வரிசையில் உட்காரலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். ஆர்கெஸ்ட்ரா நடுவில் நிறுத்தினாலும் கைதட்டக்கூடாது என்று புத்தகத்தில் படித்துச் சொல்லிவைத்திருந்தேன். கோயில் கச்சேரியில் சொல்வதுபோல் "பலே" சொல்லக்கூடாது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

"அப்பா, பேசாம இருங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

திரும்பிப் பார்த்த பெண்மணியிடம் மேடையைக் காட்டி, "எங்க மூத்த பொண்ணு" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு வீட்டுக்கு வா. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

உன் தங்கை