டிராம் போன பிறகு கேட்ட சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய பேரன் பி.ஏ. தேறிவிட்டான், அதுவும் கணக்கில். அவன் தங்கை வீணைப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கினாள். கடைக்குட்டி ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய என் வீட்டில் இப்படி! மூவரையும் தியாகராய நகர் ஸ்டூடியோவில் நிறுத்தி எடுத்த படத்தைச் சட்டத்தில் போடப் பழைய அட்டையைப் பிரித்தேன். நீ எடுத்த காகிதப் பட்டை மடியில் விழுந்தது.

விளக்குக் கண்ணாடி என் வலது முழங்கையைக் கிழித்த வருஷம் அது. காயம் ஆறியும் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நரம்பு செத்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். பிசைந்த சோறு விரலிடுக்கில் சிந்தியது. மருமகள் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீயும் டாக்டர்தான், ஆனால் மருந்தைவிட ரேடியோ வால்வும் கம்பியும்தான் உனக்கு உயிர். லஸ்ஸில் டிராம் பாதையோரம் இருந்த உன் அறைக்கு அழைத்துப்போய், கையில் மெல்லிய ஊசி குத்தி, அதன் கம்பியைப் பெட்டியில் செருகினாய். நரம்பு முணுமுணுத்தால் பெட்டி அதைப் பெரிதாக்கிக் கேட்கவைக்கும் என்றாய்.

படபடவென்று பொரிந்தது.

"உசுரு கீது நைனா!" என்று கத்திவிட்டேன்.

"சும்மா இரு அக்கா. அது டிராமு, அதோட கரண்டுதான் பொட்டில பொரியுது."

வாசலில் டிராம் கடந்து போயிற்று, சத்தமும் போயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீ இன்னும் வெரலக் கூப்பிடவே இல்ல, அதுக்குள்ள அழுதுகினு கீற. இப்ப மடக்கு."

விரல் அசையவில்லை. பெட்டியில் மட்டும் கடுகு வெடிப்பதுபோல ஒன்று, இன்னொன்று. "விடு" என்றாய், நின்றது. "மடக்கு" என்றாய், வந்தது. அடுத்த டிராம் வந்து எல்லாவற்றையும் மூடியது. அது போகும்வரை பொறுத்திருந்து மறுபடியும் கேட்டாய்.

"கூப்ட்டா வரணும், விட்டா நிக்கணும். அப்பத்தான் அது உன்னுது. மத்ததெல்லாம் ஊர் சத்தம்."

போட்டோ அனுப்புகிறேன் என்றாய். தபாலில் வந்ததோ ஒரு காகிதப் பட்டை; பெட்டியில் கேட்ட வெடிப்புகள்தான் அதில் ஒரு கோடும் அதன்மேல் நாலைந்து முள்ளுமாக இருந்தன. "இன்னாடா, மூஞ்சியக் காணோம்?" என்றேன். "மூஞ்சியவிட இது லட்சணமாத்தான் கீது அக்கா" என்று சிரித்தாய்.

விரல் மடங்குவதற்குள் உன்னைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. உனக்கு வாய்க்கரிசி போட அள்ளினேன். என்னை அறியாமல் இரண்டு விரல்களும் மூடிக்கொண்டன. ஓர் அரிசிகூடச் சிந்தவில்லை, தம்பி.

இன்றும் எழுந்ததும் அவற்றைக் கூப்பிடுகிறேன், வருகின்றன. விடுகிறேன், நிற்கின்றன. பட்டைதான் மஞ்சளாகி முள்ளெல்லாம் மங்கிவிட்டது. முடிந்தால் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன் அக்கா