இறக்கத்தில் எடுத்த நீர்

இன்று புதன்கிழமை. காலை எட்டே முக்கால் மணிக்கு மாசாய் சந்தையில் ஒருவர் குப்பாங் சிப்பியை மூட்டையிலிருந்து கொட்டினார். அந்த உப்பு வாடையில் உங்கள் நினைவு வந்தது. நீங்கள் மறைந்து ஏழு மாதமும் பதினோரு நாளும் ஆகின்றன.

சுற்றுச்சூழல் அலுவலகத்தில் அட்டவணை போடுவது என் வேலை. படகில் போய்க் கடல்நீர் மாதிரி எடுப்பது உங்கள் வேலை. நீரிணைக் கரையில் சிதறிக் கிடந்த கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளை ஓரிடத்தில் சேர்க்கும் திட்டம் அப்போது வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பட்டறை இருந்தது. அதன் கழிவு வாய்க்காலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மலாய்க்காரரின் சிப்பி வளர்ப்பு மிதவைகள். வாய்க்கால் முகத்தில் நீர் சுத்தமாக இருந்தால், ஒவ்வொரு பட்டறையும் தன் கழிவுநீரைத் தானே வடிகட்டிக் கடலில் விடலாம். இல்லையென்றால் எல்லாருக்கும் பொதுவாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியாக வேண்டும்.

முதல் மாதிரி எடுக்கும் நேரத்தைச் செவ்வாய், காலை பத்து மணி என்று எழுதினேன். நீர் சுத்தம் என்று முடிவு வந்தது. அறிக்கையும் போய்விட்டது. நீங்கள் அலை அட்டவணையுடன் என் மேசைக்கு வந்தீர்கள்.

“கலண்டர் சார், தேதி, கிழமை எல்லாம் சரிதான் லா. பத்து மணிக்குத் தண்ணி ஏறி நிக்கும்னு அன்னிக்கே சொன்னேன். கடலே வந்து கழுவி விட்டுடுச்சி.”

மறுநாள் நீர் இறங்கிய பிறகு இருவரும் போனோம். போத்தலில் எண்ணெய் மிதந்தது. அடியில் கப்பல் சாயத்துகள் படிந்தது. மிதவையிலிருந்து எட்டிப் பார்த்த மலாய்க்காரர், “அலமாக்” என்று மட்டும் பதறினார்.

திட்டக் குழுக் கூட்டத்தில் முதல் மாதிரிக்கு நேரம் குறித்தவர் யார் என்று தலைவர் கேட்டார். நான் கோப்பைத் திறந்துகொண்டிருந்தேன்.

“நான்தான் சார். அலை அட்டவணையைப் பார்க்காம விட்டுட்டேன்” என்றீர்கள்.

பிறகு கேன்டீனில் காரணம் கேட்டேன்.

“நீங்க வாயைத் தொறந்தா கிழமையில இருந்து ஆரம்பிப்பீங்க. முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளோட சிப்பி செத்துடும்.”

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயமானது. மிதவைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. அவ்வாண்டு உங்களுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி மட்டும் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்தக் கொடுத்தார்கள். கூட்டம் நடந்த திங்களை வியாழன் என்று தவறாக அச்சிட்டிருந்தார்கள். எழுந்து நின்று திருத்தச் சொன்னேன். அதற்கு மூன்று வரி கீழே, தவறு செய்தவர் என்று உங்கள் பெயர் இருந்தது. வாசித்தேன். உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று வரித் தூரத்தை நான் இன்னும் கடக்கவில்லை.