உறையாத ரப்பர் பால்

8 ஜூலை 1957
காஜா பேராங் ரப்பர் ஸ்டோரில் இன்று நாலு தொட்டிப் பாலும் உறையவில்லை. ஆசிட் ஊற்றி மதியம்வரை காத்திருந்தோம். நீர்த்த கஞ்சி மாதிரியே கிடந்தது. அத்தனையும் வீண்.

9 ஜூலை
அநியாயம். பால் வந்த குருபோங் தோட்டத்துப் பொன்னம்மா அதில் தண்ணீர் கலந்துவிட்டாளாம். கணக்கு எழுதும் கிராணி கலியாணசுந்தரம் ஸ்டோர் வாசலில் எல்லார் முன்னாலும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? "தண்ணி கலக்கல ஐயா. நீங்க சொன்ன அளவுக்கு அமோனியாதான் ஊத்துனேன்" என்று கெஞ்சினாள். அவர் காதில் வாங்கவே இல்லை. அடுத்த மாசம் இந்த நாட்டுக்கும் சுதந்திரமாம். யாருக்கு?

10 ஜூலை
ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஆளுக்கு அமோனியா என்றால் என்னவென்று தெரியுமா? லாரியில் வருகிற பால் வழியிலேயே கட்டியாகிப் போகாமல் காப்பது அதுதான். அதே அமோனியாதான் தெங்கேரா ஐஸ் பேக்டரியில் குழாய்க்குள் ஓடித் தண்ணீரை உறைய வைக்கிறது. உரமாகி மரத்தடிக்கும் போகிறது. அளவு மிஞ்சினால் ஆசிட்டையே தின்றுவிடும், பால் உறையாது. பத்து வருஷமாக ஸ்டோரில் அளந்து ஊற்றுகிற எனக்குத்தானே—

அளவு மிஞ்சினால்.

அதே நாள், சாயங்காலம்
தோட்டத்தில் அமோனியா ஊற்றும் வேலை, பால் உறையாத அந்தத் திங்கட்கிழமைதான் பொன்னம்மாவிடம் வந்தது. முன்னே இருந்தவன் நெடி தாங்காமல் பாதி நாள் ஊற்றமாட்டான். அதனால் லாரி வந்ததும் யாரையும் கேட்காமல் நானே ஒரு அளவு ஊற்றுவது வழக்கம். திங்கட்கிழமையும் ஊற்றினேன். அவளும் ஊற்றியிருக்கிறாள்.
அட பாவி நல்லையா, நீயா கிராணியைத் திட்டினாய்?

11 ஜூலை
கிராணியிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுங்க நல்லையா. தொரைக்கு ரிப்போட்டு போயாச்சு. இப்ப மாத்துனா எம் பேரு என்னாவுறது?"
என் தப்பைக்கூட என் பேரில் எழுத மாட்டாராம்.

12 ஜூலை
பொன்னம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.
"நான் அமோனியா ஊத்துனேன்னு சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க அண்ணே" என்றாள்.
ஆமாம். நின்றேன்.

13 ஜூலை
வேலைக்குப் போகவில்லை. பொன்னம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் தொழிலாளர் சங்கத்து ஆபீசுக்குப் போனேன். புகார் யார் மேல் என்று கேட்டார்கள்.
"மொதல்ல எம் பேர எழுதுங்க. கிராணி பேரு அதுக்குக் கீழ" என்றேன்.